கூழாமோட்டைக்குப் போன கிறவல் ரோட்டு

சரளைக்கல் கொட்டிய கிறவல் ரோட்டில் சைக்கிள் ஓடுவது ஒரு விளையாட்டு என்று எனக்கு முதன்முதலில் சொன்னவனை நான் மேலும் கீழும் பார்த்தேன். மாங்குளம் ஸ்டேசனுக்குக் கிட்ட இருக்கிற தேத்தண்ணிக் கடையில் வைத்துத்தான் சொன்னான். முப்பது வயதிருக்கும். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். கூட்டாளிமாரோடு சேர்ந்து சைக்கிள் பயணங்கள் ஒழுங்கு செய்கிறானாம். மொத்தமான டயர் பூட்டிய சைக்கிளைக் கடைச் சுவரில் சாத்திவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

"தார் ரோட்டில ஓட இப்ப யாருக்கும் விருப்பமில்லை அக்கா. கிறவல்தான் வேணும். காடு, குளம், கிறவல். மூணும் ஒண்ணா இருக்கிற இடம் வன்னிதான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு தார் ரோட்டுக்காக நாங்கள் எத்தனை மனு எழுதியிருப்போம்! மாரி தொடங்கினால் எங்கள் கிறவல் உழுத வயல் மாதிரி ஆகிவிடும். பிள்ளைப்பேற்று நோவோடு ஒருத்தியை உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். கோடையில் புழுதியும் மாரியில் சேறும் தின்றுதான் வளர்ந்தோம். கண்டறியாத விளையாட்டு! வேண்டுமென்றால் எங்கள் கிறவல் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்க் கொழும்பில் கொட்டிக்கொள்ளட்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன்.

அவன் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. சண்டை முடிந்த பிறகு பல வருசம் நான் மிதிவெடி அகற்றுகிற வேலை செய்தேன். விடியற்காலையில் சோற்றுப் பார்சலைக் கரியரில் கட்டிக்கொண்டு, என் பழைய லேடீஸ் சைக்கிளில் காட்டுப் பாதைகளால் போய், அந்தியில் திரும்புவேன். எந்தப் பாதை துப்புரவானது, எதில் இறங்கக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் என்னைப் போல ஒரு சிலருக்குத்தான் தெரியும். அந்த வேலை முடிந்த பிறகு விசுவமடுவில் அக்காவோடு இருந்து வயல் பார்க்கிறேன்.

"எங்களுக்கு முன்னால போய் வழி காட்ட ஒரு ஆள் வேணும் அக்கா. ஒரு நாள்தான்," என்று சொல்லித் தன் போனை நீட்டினான். மாங்குளத்தில் தொடங்கி, முத்தையன்கட்டுக் குளத்தின் பின்பக்கத்தால் காட்டுக்குள் இறங்கி, வற்றாப்பளையில் கோயிலடியில் போய் முடிகிற ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டில் விரலை வைத்துப் போனேன். காட்டின் நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"வாறன்," என்றேன்.

கோடு கூழாமோட்டைக்குள்ளால் போனது. அக்கா கலியாணம் செய்து போன ஊர் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய முப்பதளவு குடும்பங்கள், ஒரு சின்னக் குளம், குளத்தை நம்பின வயல், ஓலைக் கொட்டிலில் ஒரு பள்ளிக்கூடம். இடம்பெயர்ந்து ஓடியபோது எல்லோரும் ஒரே இரவில் போனார்கள். அத்தான் கடைசிச் சண்டையில் செத்துப்போனார். காணி அனுமதிப்பத்திரம் இருந்த பையும் அந்த ஓட்டத்தில் போய்விட்டது. சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து வெளியே விட்டபோது, மிதிவெடி எடுக்கும்வரை பொறுங்கள் என்றார்கள். எடுத்து முடித்தபோது காடு வளர்ந்துவிட்டது. பிறகு வன இலாகாக்காரர் வந்து எல்லைக்கல் நட்டார்கள். இது காடு, இங்கே குடியிருப்பு இருந்ததற்கு ஆதாரமில்லை என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள்.

ஆதாரமில்லையாம்! அக்காவின் கல்யாணப் பந்தலுக்குத் தோரணம் கட்டியவள் நான். அந்தக் குளத்தில் குளித்து, அந்தக் குசினியில் புட்டவித்துத் தின்றவள். ஆனால் எங்கள் கண்ணையும் நாக்கையும் எந்தக் கந்தோரில் ஆதாரமாக எடுக்கிறார்கள்? அக்கா நீல நிறக் கோப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு காணிக் கூட்டம் விடாமல் போய்க்கொண்டிருந்தாள். தன் வீட்டுக் கிணற்றை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டும் விடவில்லை. காட்டு வாசலில் குறுக்கே போட்டிருக்கிற தடுப்பு மரத்தடியிலிருந்து அழுதுகொண்டு திரும்பி வந்தாள்.

அதனால்தான் நான் போகச் சம்மதித்தேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தானும் வருவேன் என்று நிற்பாள். அங்கே அவளை யாராவது கண்டு, களவாக உள்ளே போனவள் என்று எழுதிவிட்டால் கோப்போடு எல்லாம் போச்சு. ஒட்டுசுட்டானில் ஒரு செத்தவீடு என்று பொய் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

அவனோடு சேர்த்து ஐந்து பேர் வந்தார்கள். தலையில் தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி, முழங்காலுக்கு உறை, முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். நான் சல்வாரும் செருப்புமாய் என் லேடீஸ் சைக்கிளில் நின்றேன். "அக்கா, உங்களுக்கு வேற சைக்கிள் தரவா?" என்று அவன் இரக்கத்தோடு கேட்டான். வேண்டாம் என்றேன். வாய்க்கால் ரோட்டில் ஏறி ஒரு மணித்தியாலத்துக்குள் ஐந்து பேரும் எனக்குப் பின்னால் இளைத்துக்கொண்டு வந்தார்கள். கிறவலில் சைக்கிள் ஓடுவது சைக்கிளில் இல்லை. எந்தக் கல் உருளும், எந்த மணல் சில்லை இழுக்கும் என்று கண் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணித்தியாலம் எனக்குச் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

குளக்கட்டில் ஏறியபோது தண்ணீர் நிறைந்து நின்றது. பட்ட மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. ஐந்து பேரும் இறங்கிப் படமெடுத்தார்கள். கட்டின் அடியில் ஆவி அடங்காத யானை லத்தியைக் கண்டு அதற்குப் பக்கத்திலும் குந்திப் படமெடுத்தார்கள். "விசரே உங்களுக்கு? லத்தி சூடாக் கிடந்தா ஆனை கிட்டத்தான் நிக்குது! ஏறுங்கோ சைக்கிளில!" என்று கத்தினேன். சிரித்தார்கள். அதையும் படமெடுத்தார்கள்.

காட்டு வாசலுக்கு வந்தோம். வழமைப்படி ஒரு இலைக் குழையை முறித்து, மரத்தடிப் பிள்ளையாருக்கு வைத்துக் கும்பிட்டேன். தடுப்பு மரத்தடியில் காவலுக்கு ஒரு ஆள் கதிரை போட்டு இருந்தான். கொழும்புக்காரன் ஒரு அனுமதிக் கடிதத்தை நீட்டினான். காவலாளி வாசித்துக்கூட முடிக்கவில்லை, மரத்தைத் தூக்கிவிட்டான். கடிதம் எடுக்க எவ்வளவு காலம் போனது என்று கேட்டேன்.

"இரண்டு கிழமை அக்கா. கொஞ்சம் லேட்தான்," என்றான்.

இரண்டு கிழமை! அக்காவின் தலைமயிர் அந்த மரத்தடியில் நின்றுதான் நரைத்தது. சைக்கிள் ஓட வந்தவனுக்கு மரம் மேலே போகிறது, கிணறு வெட்டியவளுக்குக் கீழேயே கிடக்கிறது. அறுவார்! அந்த ஆத்திரத்திலேயே மிதித்தேன். பின்னால் வந்தவர்களைப் பற்றி யோசிக்கவுமில்லை.

கூழாமோட்டையை நான் மரங்களால்தான் அடையாளம் கண்டேன். காட்டில் தானாக வளராத மரங்கள் அங்கே நின்றன. ஒரு மா, இரண்டு பலா, தலை போன தென்னைகள். சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தேன். வேலை செய்த காலத்துப் பழக்கம், அடிக்கு அடி நிலத்தைப் பார்த்துத்தான் கால் வைத்தேன். செருப்பால் சருகைத் தள்ளியபோது சிவப்புச் சீமெந்துத் தரை தெரிந்தது. அக்காவின் குசினி. அத்தான் தன் கையால் மினுக்கிய தரை. மூலையில் அடுப்பு இருந்த இடம் இன்னும் கறுப்பாகவே இருந்தது. அந்தப் பக்கம் கிணற்றுக் கட்டு, ஒரு பக்கம் வெடித்திருந்தது. குந்தி இருந்து தரையைக் கையால் தடவினேன்.

அப்போது அவன் வந்தான். கையில் போன், விரல் எழுதத் தயாராக.

"அக்கா, இந்த இடத்துக்குப் பேர் ஏதும் இருக்கா? இங்க ஆக்கள் இருந்திருக்காங்களா?"

"தெரியாது," என்றேன். "உது காடுதான்."

மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்கவில்லை. அக்காவின் அடுப்படியில் குந்தியிருந்துகொண்டு சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு விதமாக வந்திருக்கும். கையில் எழுதுகிற சாமானோடு வெளியாள் ஒருவன் வந்து, இது எந்த இடம், அங்கே யார் இருந்தது என்று கேட்டால் எங்கள் வாய் தானாகத் திறந்து தெரியாது என்று சொல்லிவிட்டுத் தானாக மூடிக்கொள்ளும். ஆமிச் சென்றியில் கேட்டார்கள், தெரியாது என்றோம். முகாமில் கேட்டார்கள், தெரியாது என்றோம். எங்கட ஆட்கள் என்று இயக்கத்திலிருந்து வந்தவர்களும் கொப்பியோடு வந்து வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். எந்தப் பக்கத்துக் கொப்பி என்றாலும் கொப்பிதான். சொன்ன பெயர் எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டாரைத் தெரியாது என்றோம், சிலவேளை சொந்தத் தமையனையும் தெரியாது என்றோம். அந்த ஒரு சொல்லால் தப்பின உயிர்கள் எத்தனையோ. அதே சொல்லை, தலையில் சைக்கிள் தொப்பி போட்ட ஒரு அப்பாவிக்குச் சொல்லிவிட்டேன்.

அவன் போனில் ஏதோ தட்டிவிட்டுக் கிணற்றைப் படமெடுத்தான். நான் எழும்பிச் சல்வாரில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினேன். வற்றாப்பளை வரைக்கும் அவர்களுக்கு முன்னாலேயே மிதித்தேன்.

ஒரு மாதம் கழித்து அவர்கள் கீறிய சைக்கிள் பாதை வரைபடம் என் போனுக்கு வந்தது. வடிவாகத்தான் செய்திருந்தார்கள். எங்கே தண்ணீர் நிரப்பலாம், எங்கே யானை கடக்கும், எங்கே மணல் அதிகம் என்று எல்லாம் குறித்திருந்தார்கள். கூழாமோட்டை இருக்க வேண்டிய இடத்தில் பச்சை மட்டும் இருந்தது. பச்சைக்கு மேல் மூன்று மொழியிலும் ஒரு வரி. தமிழில் இப்படி இருந்தது: "மனிதக் காலடி படாத அடர்காடு. உள்ளூர்வாசிகளுக்கும் பெயர் தெரியாத இடம்."

போனை அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். திரும்பி வந்து அவனுக்கு அழைத்தேன்.

"ஆரடா உனக்குச் சொன்னது காலடி படாத காடெண்டு? கிணறு ஆனை வெட்டினதே? சீமெந்துத் தரை மந்தி பூசினதே?"

அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, நீங்கதானே காடுன்னு சொன்னீங்க. நான் உங்ககிட்டதானே கேட்டேன்."

கோதாரி! அவன் சொன்னதில் ஒரு பிழையுமில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பேரைச் சொன்னேன், மாற்றச் சொன்னேன். மாற்றுகிறேன் என்றான். போனில் இருக்கிறதை உடனே மாற்றலாமாம், ஆனால் சுற்றுலாப் பாதையாக அனுமதி எடுக்கக் கந்தோருக்குக் கொடுத்த கடதாசி வரைபடம் ஏற்கெனவே போய்விட்டதாம். எந்தக் கந்தோர் என்று கேட்டேன். அக்காவின் கோப்புக் கிடக்கிற அதே கந்தோர்.

அடுத்த காணிக் கூட்டம் பத்து நாளில் வந்தது. அந்தப் பத்து நாளும் அக்காவிடம் சொல்ல வாயெடுப்பேன், பிறகு மாடு வயலுக்குள் இறங்கிவிட்டது, உலை கொதிக்கிறது என்று ஏதாவது சாட்டு வந்துவிடும். சொல்லாமலேயே அவளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். வழிநெடுக அவள் என் முதுகுக்குப் பின்னால் சந்தோசமாகக் கதைத்துக்கொண்டு வந்தாள். இந்தமுறை புதிதாக ஒரு அலுவலர் வந்திருக்கிறார், நல்ல மனுசன் என்று கேள்விப்பட்டாளாம்.

நல்ல மனுசன்தான். எங்களை இருக்கச் சொன்னார். கோப்பை முழுக்கப் புரட்டினார். பிறகு மேசை லாச்சியை இழுத்து ஒரு கடதாசியை எடுத்து எங்களுக்கு முன்னால் விரித்தார். பச்சை. சிவப்புக் கோடு. போனுக்கு வந்த அதே வரைபடம்.

"அம்மா, நான் உங்களுக்கு எதிரான ஆளில்லை," என்று அக்காவிடம் சொன்னார். "ஆனா இதைப் பாருங்கோ. சுற்றுலாக்காரர் ஊர் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் கீறியிருக்கினம். அந்த ஆளே காடு, பேர் தெரியாது எண்டு சொல்லியிருக்கு. நான் மேல என்னத்தை எழுதுறது?"

அக்கா கடதாசியைக் குனிந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும்.

"எந்த மூதேவி சேர் சொன்னது? ஆரெண்டு சொல்லுங்கோ, நான் கேக்கிறன். எங்கட கிணத்தில தண்ணி குடிக்காத ஆர் இந்தப் பக்கத்தில இருக்கினம்? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே வைச்சிருந்தது?"

"நான்தான் அக்கா," என்றேன்.

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"அண்டைக்குச் செத்தவீடெண்டு பொய் சொன்னனான். இவையளோட சைக்கிளில போனனான். உங்கட குசினிக்குள்ளதான் இருந்தனான். அவன் கொப்பி மாதிரி ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு கேட்டான். வாய் தெரியாதெண்டு சொல்லிப்போட்டுது." அலுவலரிடம் திரும்பினேன். "சேர், நான் சொன்னது பொய். அது கூழாமோட்டை. எழுதித் தாறன், கையெழுத்து வைக்கிறன்."

அக்கா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. கோப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அலுவலர் நெற்றியைத் தேய்த்தார்.

"பிள்ளை, அண்டைக்கு ஒண்டு, இண்டைக்கு ஒண்டு. எதை நம்பச் சொல்லுறீர்?" என்றார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பேனை மூடியைக் கழற்றினார். "சரி. ஒண்டு செய்வம். அங்க இருந்த ஆக்கள் எல்லாற்ற பேரும் வேணும். வீடு வீடா. குளக்கட்டிலயிருந்து தொடங்கிச் சொல்லுங்கோ. எழுதி, நானே விசாரிக்கிறன். இதுவரைக்கும் ஒருத்தரும் அப்பிடி ஒரு பட்டியல் தரேல்லை. நீங்கள் சொல்லுங்கோ அம்மா. உங்களுக்குத்தானே தெரியும்."

அக்காவுக்குத் தெரியும். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்த மாடு எப்போது கன்று போட்டது என்பது வரைக்கும் தெரியும். இரவில் நித்திரை வராத நேரம் அந்த ஒழுங்கைகளால் வாயாலே நடந்து போகிறவள் அவள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேனை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீடுகளில் பிறந்த எத்தனை பிள்ளைகள் எங்கெங்கே போனார்கள், யார் இயக்கத்துக்குப் போனது, யார் காணாமல் போனது, யார் இன்றைக்கும் வெளியில் சொல்லாமல் எங்கேயோ உயிரோடு இருக்கிறது! பேரைச் சொன்னால் அதெல்லாம் சேர்ந்து தாளில் ஏறும். பேனை காத்திருந்தது.

"தெரியாது சேர்," என்றாள் அக்கா. "கன காலமாச்சு. மறந்துபோச்சு."

என் உடம்பு முழுக்க நெருப்பாகிவிட்டது. அக்கா மேல் கோபமில்லை. அலுவலர் மேலும் இல்லை. அந்தக் கொழும்புக்காரன் மேலும் இல்லை. எங்கள் வாயை இப்படிப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கொண்டுபோன அத்தனை பேர் மேலும்தான். ஊரைப் பிடுங்கினார்கள், சரி. ஊரின் பேரைச் சொல்கிற நாக்கையும் எங்களை வைத்தே கட்ட வைத்தார்கள். பத்துப் பதினைந்து வருசம் கோப்பைச் சுமந்தவள், கேட்கிற ஒரு மனுசன் கிடைத்த நாளில், தெரியாது என்கிறாள்! எனக்கு மேசையைப் புரட்ட வேண்டும் போல இருந்தது.

அலுவலர் பேனையை மூடப் போனார்.

"மூடாதேங்கோ சேர்," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வெளியே வாங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "குளக்கட்டில ஏறினால் முதல் வீடு அக்காவின்ர."

அத்தானின் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு சொன்னேன். எழுதினார். இரண்டாவது வீடு பள்ளிக்கூடத்து வாத்தியாருடையது. அவரையும் மனுசியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் சொன்னேன். எழுதினார். மூன்றாவது வீட்டுக்கு வந்தேன். அந்த வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள்.

மேசைக்குக் கீழே அக்காவின் கை வந்து என் தொடையைப் பிடித்தது. பிடித்தது மட்டுமில்லை, நகம் முழுவதும் இறங்கக் கிள்ளினாள். அவள் முகம் அலுவலரைப் பார்த்துப் பணிவாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மூத்தவனின் பெயரைச் சொன்னேன். அவள் இன்னும் இறுக்கிக் கிள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை.

"எழுதுங்கோ சேர்," என்றேன். "இன்னும் ரெண்டு பேர் இருக்கினம்."